பெயின்ட் மேல் முறுக்கிய போல்ட்

என் வண்டியைக் கெடுத்தது நீ. பழியை என் மேல் போட்டதும் நீ.

கடலூர் துறைமுகத்தில் மீன் ஏற்றி, வெயில் ஏறுமுன் சிதம்பரம் மார்க்கெட்டில் இறக்குவது என் வேலை. பதினான்கு வருஷத்துப் பிக்கப். ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. காட்டுவதற்காக மஞ்சக்குப்பத்தில் உன் வண்டி எலக்ட்ரிக் கடையில் விட்டேன். அடிச்சட்டம், அந்த சேஸிஸுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துப் பளபளவென்று கொடுத்தாய். அடுத்த வாரமே டேஷ்போர்டில் பேட்டரி லைட் எரிய ஆரம்பித்தது. ஒரேயடியாக எரிந்தாலாவது பரவாயில்லை. ஆலப்பாக்கத்தில் எரியும், புதுச்சத்திரத்தில் அணையும். உன் கடை வாசலில் நிறுத்தினால் எரியவே எரியாது.

நீ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவை மாற்றினாய். ஒரு வாரம் ஓடியது. பேட்டரியை மாற்றினாய். நான்கு நாள். அப்புறம் ஒரு காலை, ரயில்வே கேட்டில் அணைத்த வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. ஐஸ் உருகி ரோட்டில் ஓடியது. லோடு முழுக்கக் கெட்டது.

எனக்கு லோடு கொடுக்கும் மீன் வியாபாரி உனக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஸ்பீக்கரில் உன் குரல்.

"வண்டில ஒண்ணும் இல்ல மாமா. பொம்பள ஓட்டுனா அப்படித்தான். கிளட்ச்சுல கால வச்சிக்கினே போவுது."

கிளட்ச்சுக்கும் சார்ஜுக்கும் என்ன சம்பந்தம்? அவர் கேட்கவில்லை. நீ அதையே மைதானத்து ஓரம் வண்டி ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னாய். "என்னாக்கா, கால எடுத்துட்டியா?" என்று டிரைவர்கள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து என் லோடு உன் மச்சான் வண்டியில் போனது.

மார்க்கெட்டில் கிடந்த என் ஐஸ் பெட்டிகளை எடுக்க, பேட்டரிக்குச் சார்ஜ் போட்டு அதே வண்டியில் சிதம்பரம் போனேன். போகும்முன் வோல்ட் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டேன். மார்க்கெட் பின்பக்கம் திரும்பும்போது லைட் எரிந்தது. இன்ஜினை அணைக்காமல் பானட்டைத் திறந்தேன். டைனமோவில் வைத்தால் பதினாலு வோல்ட். பேட்டரியில் பன்னிரண்டுகூட இல்லை. டைனமோ உழைக்கிறது, கரண்ட் வந்து சேரவில்லை. ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி மைனஸில் மாட்டி, மறுமுனையை இன்ஜின் மேல் வைத்தேன். லைட் அணைந்தது. எடுத்தேன், எரிந்தது. மூன்று தடவை செய்தேன், எனக்கே நம்பிக்கை வரவேண்டுமே.

கரண்ட் திரும்பிப் போகும் வழியில்தான் கோளாறு. இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் ஒயரைக் கழற்றினேன். அடியில் உன் கறுப்பு பெயின்ட். இரும்பில் உட்கார வேண்டிய ஒயரை பெயின்ட் மேல் உட்காரவைத்து போல்ட்டை முறுக்கியிருக்கிறாய். வண்டி குலுங்கக் குலுங்கத் தொடும், விடும். பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, வேறு போல்ட் போட்டு மாட்டினேன். ஒரு மாதமாக லைட் எரியவில்லை. நீ கழற்றிப் போட்ட டைனமோ நல்ல டைனமோ. அது இப்போது யார் வண்டியில் ஓடுகிறது?

பழைய போல்ட்டை வியாபாரியிடம் காட்டினேன். "நான் நம்புறம்மா. ஆனா எங்க பார்ட்னருங்க அவன் சொன்னதத்தான் புடிச்சிக்கினு இருக்காங்க. அவன் வாயால மாத்திச் சொல்லட்டும், லோடு உன்னுது" என்றார்.

அந்த போல்ட் டேஷ்போர்டில்தான் இருக்கிறது, பெயின்ட்டோடு. நாளைக் காலை பத்து மணிக்கு ஸ்டாண்டுக்கு வா. நீ சொல்லக் கேட்டுச் சிரித்த அத்தனை பேரும் அங்கே இருப்பார்கள், அந்த வியாபாரியும் இருப்பார். அதை முறுக்கியது என் காலா, உன் கையா? அவர்கள் முன்னால் பதில் சொல்.