பழைய டி.வி.க்கு நான்தான் பொறுப்பு

புது டி.வி.யை யாரும் விற்றுவிடலாம்; அதற்கு மாற்றாக வரும் பழசைக் கடையிலிருந்து வெளியேற்றுவதில்தான் இந்தத் தொழிலின் பாடு இருக்கிறது. ஓடாத ரேடியோவைத் தூக்கிப்போட மனமில்லாமல் பரணில் வைத்திருக்கும் உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், பி.எஸ்சி. முடித்த கையோடு இராஜபாளையத்தில் ஒரு டி.வி. கடையில் சேர்ந்தேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. அதனால்தானோ என்னவோ, ஆள் வராத பின்னறையை முதலாளி என்னிடம் ஒப்படைத்தார். அங்கே முழுக்க, புதுசு வாங்கியவர்கள் விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லி மாற்றிக் கொடுத்த பழைய பெட்டிகள். "தீபாவளிச் சரக்கு வாரதுக்குள்ள ரூம் காலியாகணும். இல்லன்னா பொறவு நீ வீட்டுலயே இருந்துக்கிடலாம்மா."

கதவு வைத்த பெட்டி

மில் சூப்பர்வைசர் ஒருவர் மரக்கதவு வைத்த டி.வி.யைக் கொண்டுவந்து இறக்கினார். கதவைத் தள்ளினேன். கற்பூர வாசனை வந்தது. உள்ளே படக்குழாய் இல்லை. இரண்டு தட்டு அடித்து, குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருந்தது. "சார், இது..." என்று இழுத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாமி இருந்த பொட்டிம்மா. கொஞ்சம் கூடவே போட்டுக் குடு."

இரும்புக்கடை அண்ணாச்சி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பழைய இரும்புக்கடை அண்ணாச்சியை வரவழைத்தேன். செம்புக் கம்பியை மட்டும் உருவிக்கொள்கிறேன், படக்குழாயைத் தொடமாட்டேன் என்றார். எடுத்தால் முழுசாக எடுங்கள் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வழியில வெடிச்சா என் மூஞ்சி போயிரும். இங்கன இருந்து வெடிச்சா உங்க ரூமுதான போகும்?"

சீர்வரிசை

ஆவணியில், மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த மம்சாபுரத்து விவசாயி ஒருவர் வந்தார். புது டி.வி.க்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னறைக்குள் நுழைந்து, இருப்பதிலேயே பெரிய பெட்டியைத் தட்டிப் பார்த்தார். விற்றால் ஒன்று குறையும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "ஐயா, அதில் படம் வராது. சம்பந்தி வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்றேன். அவர் நிதானமாகப் பெட்டியின் தூசியைத் துடைத்தார்.

"அவிய வீட்டுக்கு இன்னும் கரண்டே இழுக்கல தாயி. சீருல டி.வி. வரணும்னுதான் சொன்னாவ, ஓடணும்னு சொல்லலியே."

சேதி பரவி, அந்த ஆவணி முகூர்த்தங்களிலேயே அறை காலியாகி என் வேலையும் நிலைத்தது. கரண்டு வந்த வீடுகளிலிருந்து அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாக, மாற்றிக்கொள்வதற்கு எங்கள் கடைக்கே திரும்பி வரும்வரை.