அத்தை எதிரே வந்த நாள்

அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போன எந்தப் பரீட்சையிலும் நான் தோற்றதில்லை. இதை வெளியில் சொல்லியிருந்தால் கரமனை அக்கிரகாரத்தில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். அத்தை அப்பாவின் தங்கை. விவரம் தெரியாத வயதிலேயே கணவனை இழந்து, தலையை மழித்து, நார்மடிப் புடவை கட்டிக்கொண்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் எதிரே அவள் வந்துவிடக்கூடாது. ஆற்றுக்குக் குளிக்கப் போவதென்றாலும் தெரு விழிக்கும் முன் போய்த் திரும்பிவிட வேண்டும். அதற்கப்புறம் அடுக்களையும் கொல்லையும்தான் அவளுக்கு உலகம்.

ஆனால் அத்தைக்கு இந்தச் சகுனத்தில் துளி நம்பிக்கை கிடையாது. எங்கள் தெருவிலேயே நம்பாதவள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். பரீட்சை நாளில் அம்மா அவளை உள்ளே போகும்படி கண்ணைக் காட்டுவாள். நானோ நேரே அடுக்களைக்குள் போய் அத்தையின் முன்னால் நிற்பேன். அவள் என் கன்னத்தை வழித்து, "போய் எழுதிட்டு வாடா. தோத்தா என் மூஞ்சி, ஜெயிச்சா உன் மூளை, கேட்டியா" என்பாள். நல்ல மார்க்கோடு நான் திரும்பி வந்தால் அம்மாவின் காதில் விழும்படி சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

படிப்பு சரிதான், பந்துதான் என்னை ஏமாற்றியது. ஹைஸ்கூல் ஃபுட்பால் டீமில் நான் பன்னிரண்டாவது ஆள். அந்நாளில் ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆளை மாற்றும் வழக்கம் கிடையாது. பதினோரு பேரில் எவனாவது வராமற்போனால்தான் எனக்கு வாழ்வு. அந்தப் பாவிகளோ ஜுரத்தோடுகூட வந்து தொலைத்தார்கள். எலுமிச்சம்பழம் நறுக்குவதும், பந்துக்குக் காற்றடிப்பதும், எல்லார் சட்டையையும் மடியில் வைத்துக் காப்பதும்தான் நான் ஆடிய ஆட்டம்.

வலப்பக்க ஓரம் என்னுடைய இடம். அங்கே ஓடியவன் எதிர்வீட்டு வக்கீல் மாமாவின் பையன். ஓடினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. பந்து தெற்கே போனால் அவன் வடக்கே போவான். ஆனால் டீமுக்குப் பனியனும் பந்தும் வாங்கிக் கொடுத்தவர் வக்கீல் மாமா. ஆட்டத்தின்போது கோட்டோரம் குடையோடு நின்றுகொண்டு, பந்தை யார் யாருக்குத் தட்ட வேண்டும் என்று டிரில் மாஸ்டருக்கே பாடம் சொல்வார். மாஸ்டர் தலையாட்டுவார். என் அப்பாவோ ஆபீஸ் குமாஸ்தா. பந்துகளி என்பது கால் ஒடிவதற்கு ஒரு வழி, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

அரையிறுதி ஆட்டத்துக்கு முதல்நாள் மாலை கொல்லையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். அத்தை கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சக்கை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவன் வரல்லேன்னா உன்னைத்தானே எடுப்பா?"

"ஆமா."

"அவாத்திலேருந்து எப்போ இறங்குவான்?"

"மூணு மணிக்கு. நானும் அவன்கூடத்தான் போவேன்."

ஒரு சுளையை உரித்து என் வாயில் திணித்தாள். என்னைச் சமாதானப்படுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மூன்று மணிக்கு அவன் வீட்டு வாசலில் காத்து நின்றேன். வக்கீல் மாமா முன்னாலேயே மைதானத்துக்குப் போய்விட்டார். மாமி பையனுக்கு விபூதி இட்டு அனுப்பினாள். அவன் படியிறங்கிய அந்த நிமிஷத்தில், நடுத்தெருவில் குடமும் கையுமாக அத்தை வந்தாள்.

அத்தையைத் தெரு வெயிலில் நான் பார்த்ததே இல்லை. முக்காட்டைக்கூடச் சரியாக இழுத்து விட்டுக்கொள்ளாமல், அவன் எதிரே நிதானமாக வந்து, என்னைத் தெரியாதவள் போல் கடந்து போனாள். மாமி பையனை உள்ளே இழுத்து, உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் செய்தாள். சற்றுப் பொறுத்து அவன் மறுபடி படியிறங்கினான். அத்தை மறுபடி வந்தாள், இந்தத் தடவை தெருவின் மறுகோடியிலிருந்து.

"ராம ராமா! போறும். இன்னிக்கு நீ எங்கேயும் போகண்டாம்!" என்று அலறினாள் மாமி. கதவு சாத்திக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைத் தாண்டும்போது அத்தை திரும்பாமலே, "ஓடு" என்றாள்.

ஓடினேன். டிரில் மாஸ்டர் தெருவைப் பார்த்தார், வக்கீல் மாமாவைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார். "எடா, நீ இறங்கிக்கோ."

நான் ஆடினேன்! ஓரத்தோடு கொண்டுபோய் நான் தட்டிக் கொடுத்த பந்தை எங்கள் நடு ஆட்டக்காரன் கோலுக்குள் அடித்தான். அந்தச் சத்தத்தில் மழை வந்ததுகூடத் தெரியவில்லை. பிற்பாதியில் யாரோ ஓடிவந்து வக்கீல் மாமாவிடம் ஏதோ சொன்னார்கள். அவர் குடையைப் போட்டுவிட்டு ஓடினார். ஆட்டம் முடிந்து, நாங்கள் ஜெயித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வீட்டில் அடைபட்டிருக்க முடியாமல், மேட்சுக்கு வருவதற்காகக் கொல்லை மதிலேறிய பையன், பாசி வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். "ரெண்டு தரம் எதிர்ல வந்தாளே பாவி! என் கொழந்தை கால் போச்சே!" என்று மாமி மார்பில் அடித்துக்கொண்டாள். அப்பா கைகூப்பி நின்றார். அத்தனை பெரியவர்களும் மாமி சொன்னதற்குத் தலையாட்டினார்கள். பாசியைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. இதையெல்லாம் சொன்னால் அத்தை விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று சேற்றுக்காலோடு அடுக்களைக்கு ஓடினேன்.

அத்தை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"மதில்ல பாசி, அத்தை. வழுக்கிடுத்து. அவ்வளவுதான்" என்றேன்.

அவள் உள்ளங்கையால் தன் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "எல்லாரும் சொன்னது நெஜந்தானாக்கும்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். எது நிஜம் என்று நான் கேட்கவில்லை. நான் தட்டிக் கொடுத்த கோலைப் பற்றிச் சொல்லும் அவசரம் எனக்கு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆட்டம் முழுக்கக் களிச்சியா?" என்றாள். முழுக்க என்றேன். "போறும்" என்றாள்.

அடுத்த வாரம் இறுதி ஆட்டம். அவன் காலில் மாவுக்கட்டு. வலப்பக்க ஓரம் எனக்கே எனக்கு. பனியனை மாட்டிக்கொண்டு வழக்கம்போல அத்தையின் முகத்தைப் பார்க்க அடுக்களைக்குப் போனேன். என் காலடி கேட்டதும் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"அத்தை, நேரமாச்சு."

"நீ போ."

"உன்னைப் பாக்காம எப்படிப் போறது?"

"பாக்கண்டாம். நேரே வாசலுக்குப் போ. திரும்பாதே."

தட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், உதைத்தும் பார்த்தேன். கதவு திறக்கவில்லை. அம்மா வந்து, முன்பெல்லாம் அத்தையைக் கண்ணைக் காட்டி உள்ளே விரட்டுகிற அதே அம்மா, என் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. கோல் போட வைத்தவன் நான், ஜெயித்துவிட்டு வந்தவன் நான், அப்படியிருக்க அத்தைக்கு என்மேல் என்ன கோபம் என்று மைதானம் வரை யோசித்துக்கொண்டே போனேன்.