உம்மா சொன்ன மூன்றாவது ஊர்

இணையத்தில் காணொளி பார்த்துத்தான் கோடிங் பழகினேன். முன்பின் ஒன்றும் தெரியாது. பயிற்சிக்காக, ஒருவர் வாழ்ந்த ஊர்களை வரிசையாகக் கேட்கும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். ஒரே ஊரை இரண்டு தரம் போட்டால் ‘பிழை’ என்று காட்டும். அதில் எனக்குப் பெருமை வேறு.

முதலில் உம்மாவைத்தான் கூப்பிட்டு இருத்தினேன். முல்லைத்தீவு என்று தட்டினார். அடுத்து, இடம்பெயர்ந்து இருந்த புத்தளம். பிறகு மறுபடியும் முல்லைத்தீவு. ‘பிழை’ என்று வந்தது.

“அதைத்தான் முதலே போட்டிட்டீங்களே, உம்மா.”

“அது விட்டிட்டுப் போன ஊர், மகள். இது திரும்பி வந்த ஊர். ரெண்டும் ஒண்டோ?”

புரோகிராமில் ‘பிழை’ காட்டும் வரியை அழித்துவிட்டு, “இப்ப போடுங்கோ” என்றேன்.

இன்றும் ‘பிழை’ என்று எழுதப் போனால் என் விரல் கொஞ்சம் தயங்கும்.