மூன்றாவது மரத்தில் குடியிருப்பவள்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் என்கொயரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டுநர், நடத்துநர், மேலாளர், ஏன், அவளைவிடப் பத்து வயது மூத்த காவலாளிக்குக்கூட அவள் அக்காதான். இருபத்து மூன்று வருடமாக அதே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, அதே வட்ட ஓட்டையில் வாயை வைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. தன் கால் படாத வழியைச் சொல்லவே மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அந்தப் பாதையை அடைத்துச் சுவர் எழுப்பி ஆறு மாதம் ஆகியிருந்தது. மூச்சு வாங்கத் திரும்பி வந்த அந்தப் பெண், "நீங்க ஒரு தடவையாவது நடந்து பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அன்று தொடங்கி, ஊரில் எந்தப் புதுப் பாதை திறந்தாலும் விடுமுறை நாளில் நடந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். வழி சொல்வதிலும் தனி தினுசு. "வலது கைப் பக்கம் நீலக் கதவு வரும், அதைத் தாண்டிடாதீங்க" என்பாள். "நேராப் போங்க" என்று மட்டும் சொல்ல மாட்டாள். எந்தத் தெருதான் நேராக இருக்கிறது?

அந்த வருடம் ஊருக்குக் கால்பந்துப் போட்டி வந்தது. எட்டு நாட்டு அணிகள், அவர்கள் பின்னால் ஆயிரக்கணக்கில் ரசிகர்கள். மூன்று மாதம் முன்பிருந்தே ஊர் பவுடர் பூசிக்கொள்ளத் தொடங்கியது. பளபளக்கும் தாளில் விருந்தினர் கையேடு ஒன்றும் அச்சாகி வந்தது. மேலாளர் அதைக் கட்டுக் கட்டாக அவள் ஜன்னலோரம் இறக்கினார்.

"இனிமே வாய் வலிக்கப் பேச வேண்டாம்க்கா. யார் எது கேட்டாலும் ஒண்ணு எடுத்து நீட்டுங்க. எல்லாம் அதுலயே இருக்கு."

அவள் நடுப்பக்கத்து வரைபடத்தைப் பிரித்து முதலில் தன் தெருவைத்தான் தேடினாள். குரூப் போட்டோவில் எல்லோரும் முதலில் தேடுவது தன் மூஞ்சியைத்தானே. பேருந்து நிலையத்துக்கும் மைதானத்துக்கும் நடுவில், இருநூற்றுச் சொச்சம் வீடுகளோடு, மைதானம் கட்டுவதற்கு முன்பிருந்தே இருக்கிற தெரு அது. வரைபடத்தில் அந்த இடத்தில் பச்சை பூசி, நான்கு குட்டி மரங்களை வரைந்துவைத்திருந்தார்கள்.

சாயங்காலம் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டினாள். தையல் மிஷின் பழுதுபார்க்கிற அவள் புருஷன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விரலால் அளந்து பார்த்தார்.

"நம்ம வீடு மூணாவது மரத்துல வருது. நல்லதாப் போச்சு. இனிமே நான் மரம். என்ன வேலை சொன்னாலும் அசைய மாட்டேன்."

"இப்ப மட்டும் அசையறீங்களாக்கும்" என்றாள். வாய்தான் சிரித்தது, உள்ளே திகுதிகுவென்று எரிந்தது. பிறந்தது, தாலி கட்டிக்கொண்டது, அம்மாவைப் பறிகொடுத்தது எல்லாம் அந்தத் தெருவில்தான். எவனோ ஒருவன் ஏசி அறையில் உட்கார்ந்து ஒரு பச்சைத் தீற்றலில் துடைத்துவிட்டான்.

மறுநாள் மேலாளர் அறையில் போய் நின்றாள். "சார், எங்க தெருவைக் காணோம்."

"வர்றவங்க பாக்கறதுக்கு அங்க என்னக்கா இருக்கு?"

"நாங்க இருக்கோம்."

அவர் பேனா மூடியைத் திருகினார். "மேல முடிவு பண்ணதுக்கா. நான் என்ன பண்ண?"

அந்த வாரமே தெருவின் இரண்டு முனையிலும் ஆளுயரத்துக்கு மேல் தகரம் அடித்தார்கள். தகரத்தில் வரைந்த பந்துகள் துள்ளின. குப்பை வண்டி வந்துபோக வேண்டுமே என்று, ஓரமாக மட்டும் இடைவெளி விட்டார்கள்.

கையேடு எழுதிய புண்ணியவான் இன்னொரு வேலையும் செய்திருந்தான். மைதானத்துக்கு ஆறாம் நம்பர் மேடையிலிருந்து பேருந்து, இருபது நிமிடம் என்று போட்டிருந்தான். ஊர் தூங்குகிற விடியற்காலையில் காரில் போய் அளந்திருப்பான் போல. அவள் அந்தப் பேருந்தில் ஏறிப் பார்த்தாள், ஐம்பது நிமிடம் ஆயிற்று. தன் தெரு வழியாக நடந்தாள், ஒன்பதே நிமிடம். போய்ச் சொன்னாள். மேலாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் ஆட்டத்தன்று ஆறாம் நம்பர் மேடைப் பேருந்து, நிலையத்து வாசலையே தாண்டவில்லை. சாலை முழுக்க வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. கோடு போட்ட பனியனும் கழுத்தில் மேளமுமாக ஒரு கூட்டம் இறங்கி ஓடிவந்து அவள் ஜன்னலை மொய்த்தது. முன்னால் நின்ற தாடிக்காரன் கைக்கடிகாரத்தைக் காட்டினான். ஆட்டத்துக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்தான். அவன் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. பாஷை புரியவில்லை, ஆனால் அந்த முகத்தைப் படிக்க பாஷை எதற்கு?

அவள் கையேட்டைப் பிடுங்கி, சிவப்புப் பேனாவால் நான்கு மரங்களையும் குறுக்கே அறுத்து ஒரு கோடு இழுத்தாள். தகரத்தில் இடைவெளி இருக்குமிடத்தில் புள்ளி வைத்தாள். ஒன்பது விரலைக் காட்டினாள். கூட்டம் தலைதெறிக்க ஓடியது.

மறுநாள் தாடிக்காரன் இன்னும் முப்பது பேரைக் கூட்டிவந்தான். அதற்கடுத்த ஆட்டத்துக்குள் விஷயம் காட்டுத்தீயாகப் பரவிவிட்டது. தெருவில் வாசலுக்கு வாசல் தண்ணீர்க் குடமும் நாற்காலியும் வந்தன. மரமாகிப்போன புருஷன் குப்பை வண்டிக்கு விட்ட இடைவெளியில் நின்று, "இப்படி வாங்க, இப்படி வாங்க" என்று கையாட்டிக்கொண்டிருந்தார். அவளோ ஜன்னல் திறக்கும் முன்பே வந்து, ஒவ்வொரு கையேட்டிலும் சிவப்புக் கோடு போட்டுவைத்தாள்.

மேலாளருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. சிவப்புக் கோடு போட்ட கையேட்டை விரித்து ஆட்டினார்.

"இன்னொரு கோடு போட்டீங்கன்னா ஜன்னல்ல இருந்து எடுத்துடுவேன்க்கா. குடோன்ல உக்காந்து டயருக்குக் காவல் இருக்க வேண்டியதுதான். மிரட்டறேன்னு நினைக்காதீங்க, எனக்கும் மேலிருந்து குடைச்சல்."

அந்த ஜன்னலை விட்டால் அவளுக்கு வேறு வேலை தெரியாது, வேறு வேலை பிடிக்கவும் பிடிக்காது. பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே இருக்கைக்குப் போனாள், பேனாவைத் திறந்தாள், அடுத்த கையேட்டில் கோடு போட்டாள்.

இரண்டு நாள் கழித்து, அவளுடைய வார விடுமுறையன்று, தலைமை அலுவலகத்திலிருந்து மெமோ வீட்டுக்கே வந்தது, பதிவுத் தபாலில். 'அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லாத பகுதியின் வழியாகப் பார்வையாளர்களை அனுப்பியதற்கு இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் விளக்கம் தரவும். அதுவரை ஜன்னல் பணிக்கு அனுமதி இல்லை.' புருஷன் படித்துவிட்டு அவளிடம் நீட்டினார். அவள் கடிதத்தை விட்டுவிட்டு, அது வந்த உறையையே வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரு வெள்ளைத்தாள் எடுத்தாள்.

காலையில் மேலாளர் ஜன்னல் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் உறையையும் தாளையும் மேசையில் வைத்தாள். அவர் படித்தார்.

'ஐயா, தங்கள் கடிதம் நேற்றுக் காலை பத்தரை மணிக்கு என் வீட்டு வாசலில் கிடைத்தது. கதவு எண், தெருவின் பெயர் எல்லாம் தங்கள் அலுவலகத்தில் சரியாகவே தட்டச்சு செய்திருக்கிறார்கள். தபால்காரர் யாரிடமும் வழி கேட்கவில்லை. உறையை இணைத்துள்ளேன். இதுவே என் விளக்கம்.'

மேலாளர் உறையை எடுத்து ஒருமுறை பார்த்தார். பிறகு பையிலிருந்து சாவியை எடுத்து, அவள் பக்கமாக மேசையில் தள்ளினார்.

"மேல என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா."

"சொல்லட்டும் சார்" என்று சாவியை எடுத்துக்கொண்டாள். "எதுவா இருந்தாலும் எழுத்துல வரட்டும். இதே விலாசத்துக்கே அனுப்பச் சொல்லுங்க."