பசறை வளைவில் ஒரு ஹார்ன்: எட்டுத் தொனி ரிசீவரோடு இரண்டு நாள்

பசறைப் பக்கம் தேயிலை பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் வழி கேட்பதுண்டு. நான் முதலில் அங்கே போனது தேயிலை பார்க்க அல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில், பொறியியல் இறுதியாண்டில், பதினான்கு கிலோ எடையுள்ள ரிசீவர் ஒன்றைச் சோதிக்கப் போனேன். பதுளையிலிருந்து சிற்றலையில் வரும் இலக்கங்களை அது தாளில் அச்சடிக்க வேண்டும். மழைக்கு டெலிபோன் கம்பி அறுந்துபோகும் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு, ஆஸ்பத்திரி சொல்லும் மருந்தளவு போய்ச் சேரத்தான் இந்த ஏற்பாடு. இரண்டு நாளில் பிழையில்லாமல் ஓடாவிட்டால் வேலையைக் கைவிடுவோம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

காலை ரயில் ஏறி, பதுளையில் இறங்கும்போது மாலை ஐந்து மணி. வகுப்புத் தோழன் நிசாமின் வாப்பாவுக்கு அங்கே துணிக்கடை. அனுப்பும் கருவியைக் கடை மாடியில் வைத்து, நிசாமையே காவலுக்கு வைத்தோம். மறுநாள் ஏழு மணி பஸ். பசறை பன்னிரண்டு மைல், ஒரு மணி பத்து நிமிடம். பெட்டிக்கும் டிக்கட் எடு என்றார் கண்டக்டர். நியாயம்தான், அது என்னைவிட அதிக இடம் பிடித்திருந்தது. அங்கிருந்து இரண்டு மைல் தோட்ட லொறியில்.

டிஸ்பென்சரி செல்லையா என்பவர் பொறுப்பில் இருந்தது. தோட்டமே அவரை டாக்டரய்யா என்று கூப்பிட்டது. நிசாம் அனுப்பப்போகும் சோதனை இலக்கங்களின் பட்டியலில் ஒரு பிரதியை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

"இருநூறு இலக்கம் தம்பி. ஒன்னு பிசகினாலும் கையெழுத்துப் போட மாட்டேன். மருந்துல ஒரு இலக்கம் மாறினா ஆள் போயிரும்."

முப்பத்தொன்று பிசகியது. எங்கள் முறையில் எட்டுத் தொனிகள் ஒன்றாகப் போகும். பதின்மூன்று மில்லி செக்கனுக்கு ஒருமுறை எட்டும் மாறும். அலையில் பலம் போதவில்லை என்று நானே முடிவுகட்டி, டெலிபோனில் நிசாமிடம் சக்தியைக் கூட்டச் சொன்னேன். முப்பத்து மூன்று பிசகியது.

"இதுக்கு மேல கூட்டினா கடை லைட்டெல்லாம் மங்கும், வாப்பா என்னைத்தான் வெளியே போடுவாரு மச்சான்" என்றான் நிசாம்.

நாலு மணி பஸ்ஸில் பதுளை திரும்பி அனுப்பும் கருவியைப் பிரித்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. அவமானமாக இருந்தது.

மறுநாள் அதே ஏழு மணி பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை. ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் வண்டியைத் திருப்பினார். ஒரு வளைவில் எதிர்ப்புறம் ஹார்ன் கேட்டது.

"வண்டி வருதுண்ணே" என்றேன்.

"அது நம்ம ஹார்ன்தாங்க. மலையில பட்டுத் திரும்புது. அது அடங்கின பொறவு கேட்டாத்தான் வண்டி."

அதற்குப் பிறகு நான் வெளியே வேடிக்கை பார்க்கவில்லை. எங்கள் அலையும் வானத்தின் மேலடுக்கில் பட்டுத்தான் கீழே வரும். ஒருமுறை பட்டு வருவது முன்னால், இருமுறை பட்டு வருவது மூன்று மில்லி செக்கன் பின்னால். பிந்தி வந்த பழைய தொனி புதியதில் கலக்க, ரிசீவர் இரண்டையும் சேர்த்துக் கேட்டுக் குழம்பியிருக்கிறது. சக்தியைக் கூட்டினால் பிந்தி வருவதற்கும்தானே பலம் கூடும். இதையெல்லாம் பாடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன் என்பதுதான் எரிச்சல்.

டெலிபோனில் நான் சொன்னபடி நிசாம் ஒவ்வொரு தொனியையும் நான்கு மில்லி செக்கன் கூடுதலாக நீட்டினான். அந்த முதல் நான்கையும் ரிசீவர் காதில் வாங்காதபடி நான் கம்பிகளை மாற்றிப் பற்றவைத்தேன். வேகம் கிட்டத்தட்ட கால்பங்கு குறைந்தது. மத்தியானம் மூன்றரைக்கு இருநூறும் சரியாக வந்தன. செல்லையா பட்டியலை வெளியே எடுத்து, விரல் வைத்து இரண்டு தரம் ஒப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"சரி தம்பி. நான் சொல்றதை அவங்க எப்புடிக் கேப்பாங்க?"

"இது ரிசீவர்ங்க ஐயா. இங்கேருந்து அனுப்ப முடியாது."

"கம்பி அறுந்த அன்னைக்கு ஒரு புள்ளைக்கு இழுப்பு வருதுன்னு வைங்க. நான் சொல்லாம அவங்க எதுக்கு மருந்து சொல்லுவாங்க?"

ஒன்றரை வருடம் உழைத்ததில் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. சொன்னபடி அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

போகிறவர்களுக்கு: ஏழு மணி பஸ்ஸே நல்லது, மத்தியானத்துக்கு மேல் மழை பிடிக்கும். வயிறு புரட்டுகிறவர்கள் முன் இருக்கை கேளுங்கள். கருவியோடு போகிறவர்கள், பெட்டியைக் கட்டும் முன்பே அங்கே இருப்பவர் என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்று விசாரியுங்கள்.

தோட்டத்திலிருந்து அனுப்பும் கருவியைச் செய்து முடிக்கப் பதினோரு மாதம் ஆனது. அதற்குள் ஒரு மழைக்காலம் வந்து போயிருந்தது. அந்த மழையில் தோட்டத்தில் என்ன நடந்தது என்று டாக்டரய்யாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.