பென்ஷன் வீடு

எங்கள் வீட்டில் ஜெர்மன் வாசிக்கத் தெரிந்த பெரிய மனுசி நான்தான். எனக்கு அப்போது வயது பதினொன்று. வீட்டுச் சொந்தக்காரனின் கடிதம், டொக்டரின் கடிதம், பள்ளிக்கூடத்திலிருந்து என்னைப் பற்றியே வந்த முறைப்பாடு, எல்லாவற்றையும் நானே வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். முறைப்பாடுகளை மட்டும் கொஞ்சம் சுருக்கிச் சொல்வேன். அப்பாவுக்குப் பேச்சு ஜெர்மன் நன்றாக வரும், ஆனால் எழுத்தைக் கண்டதும் என்னைக் கூப்பிடுவார். ஆகவே கரீபியன் தீவொன்றில் எங்கே தங்குவது என்ற வழக்கு ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் குசினி மேசைக்கு வந்தபோது, பயண ஏற்பாடு செய்து தரும் கடையில் தந்த, படங்கள் போட்ட தடித்த கட்டலோக் என் முன்னால்தான் வைக்கப்பட்டது.

நாங்கள் கரீபியன் போகிற ஆட்கள் இல்லை. விடுமுறை என்றால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், நிலத்தில் படுக்கை விரித்து, இரண்டு நாள் கிடந்து வருவதுதான். தீவு வந்தது மாமாவால். மாமா அம்மாவின் ஒரே அண்ணன், கனடாவில் இருந்தார். அவர் வேறொரு இடத்தில் மாப்பிள்ளை பேசி வைத்திருக்க, அம்மா அப்பாவைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்று கட்டியவர். யாழ்ப்பாணத்தில் நடந்த அந்தக் கலியாணத்துக்கு மாமா கோயில் வரைக்கும் வந்தார், தாலி கட்டும் மட்டும் நின்றார், பிறகு கை நனைக்காமல் போய்விட்டார். பந்தியில் அவருக்குப் போட்ட இலை கடைசி வரைக்கும் வெறுமனே கிடந்ததாம். ஒரு வீட்டில் சாப்பிடாமல் போவதென்றால் அந்த உறவை ஏற்கவில்லை என்று அர்த்தம். இந்த அர்த்தமெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று எனக்கு அது யாரோ ஒருவர் பசியோடு போன கதை.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அண்ணனும் தங்கையும் முகம் பார்க்கவில்லை. அப்பாவின் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று மாமா சொல்லியிருந்தார். அப்பாவும் கனடாப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்பார். எங்களுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்த வருடம் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். உங்கள் வீடும் வேண்டாம், அவர் வீடும் வேண்டாம், நடுவில் ஒரு தீவு. சண்டை பிடித்த இரண்டு நாடுகள் மூன்றாம் நாட்டில் சந்திப்பதைச் செய்தியில் பார்த்து அம்மா கற்றுக்கொண்டாரோ என்னவோ. மாமா தொலைபேசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வீடு மாதிரி ஒரு இடமாக இருக்க வேண்டும். "நீ சமைச்சால் நான் வந்து சாப்பிடுறன்" என்றார். அம்மா ரிசீவரை வைத்துவிட்டு, நேரே குசினிக்குப் போய் மிளகாய் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். மறுநாளே தீவுக்குக் கொண்டுபோக மிளகாய் வறுத்துத் தூள் அரைத்துவிட்டார்.

அப்பா மூன்றாம் நாள்தான் போவோம் என்றார். ஆனால் எங்கே தங்குவது என்று கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

கட்டலோக்கில் இரண்டு இடங்கள் மிஞ்சியிருந்தன. ஒன்று மஞ்சள் சுவர் வைத்த ஒரு சின்ன வீடு. நாலு அறை, எல்லோரும் சமைக்கப் பொதுவில் ஒரு குசினி, பின்கதவைத் திறந்தால் கடல். நாலு அறையையும் இரண்டு குடும்பமுமாக எடுக்கலாம். மற்றது ஒரு பெரிய ஹோட்டல். மூன்று நீச்சல் குளம், அவற்றில் ஒன்றில் மூன்று மாடி உயரத்திலிருந்து சுழன்று சுழன்று இறங்கும் நீல நிறத் தண்ணீர்ச் சறுக்கு. அந்தப் பக்கத்தை நான் பள்ளிக்கூடத்துக்குக்கூடக் கொண்டுபோய்க் காட்டியிருந்தேன். என் தோழிகளில் பாதிப் பேருக்கு நாங்கள் அந்த ஹோட்டலுக்குப் போவது முடிந்த காரியம்.

பயணக் கடைக்காரி இரண்டு இடத்தையும் சனிக்கிழமை ஒரு மணி வரைக்கும்தான் பிடித்து வைத்திருப்பேன் என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை பதினொரு மணிக்கு நாங்கள் மூவரும் மேசையில் இருந்தோம். அம்மா வெளியே போகிற சட்டை போட்டுக்கொண்டு ஆயத்தமாக இருந்தார். மஞ்சள் வீட்டுப் பக்கத்தை விரலால் நீவிவிட்டு, "இது நல்லாயிருக்கு, என்னப்பா" என்றார்.

அப்பா கட்டலோக்கைத் தன் பக்கம் திருப்பினார். எழுத்தைப் பார்க்காத மனிதர் அன்று பார்த்தார். படத்தின் மேலே 'பென்சியோன்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இரண்டு மொழியிலும் எழுத்து ஒன்றுதான், அதை அவர் இங்கிலிஷில் வாசித்தார்.

"பென்ஷன் எண்டெல்லோ போட்டிருக்கு. இது பென்ஷன்காரர் போய்த் தங்கிற இடம். வயசுபோனதுகள். பிள்ளையளோட போனால் விடமாட்டினம்."

அவருடைய தகப்பன் தபாற்கந்தோரில் வேலை பார்த்துப் பென்ஷன் எடுத்தவர். அந்தச் சொல்லில் அப்பாவை யாரும் அசைக்க முடியாது. உண்மையிலேயே பிழையாக விளங்கிக்கொண்டாரா, விளங்காத மாதிரி இருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அப்பாவோடு வாதாடவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அப்பிடியோ பிள்ளை? வடிவா வாசிச்சுச் சொல்லு."

எனக்குத் தெரியும். போன இலையுதிர் காலத்தில் எங்கள் வகுப்போடு சுற்றுலா போய் ஒரு பென்சியோனில்தான் மூன்று இரவு தங்கினோம். வீடு மாதிரியான சின்ன விடுதிக்கு அதுதான் பெயர். காலையில் வீட்டுக்கார அம்மா கோப்பை கோப்பையாகக் கொக்கோ ஊற்றித் தந்தார். வயதுபோனவர் என்று அங்கே அவர் ஒருவர்தான் இருந்தார்.

நான் வாசிப்பதுபோல விரலை எழுத்தின் மேல் ஓட்டினேன். அப்பா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கண் என் வாயில் இருந்தது. அப்பாவுக்குப் பயந்து சொன்னேன் என்றால் கேட்பவர்கள் இரங்குவார்கள். ஆனால் அப்பாவை நான் நினைக்கவே இல்லை. அந்த நீலச் சறுக்கைத்தான் நினைத்தேன்.

"ஓம் அம்மா" என்றேன்.

அம்மா அதோடு விடவில்லை. பன்னிரண்டு மணிக்கு மூவரும் ட்ராம் எடுத்துப் பயணக் கடைக்குப் போனோம். வழி முழுக்க அம்மா கட்டலோக்கை மடியில் விரித்து வைத்திருந்தார். கடைக்காரியின் மேசைக்கு முன்னால் அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். அப்பா இரண்டு எட்டுத் தள்ளி, சுவரில் மாட்டியிருந்த விமானப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா மஞ்சள் வீட்டில் விரலை வைத்து என்னிடம் மெல்லச் சொன்னார்.

"கேட்டுப் பார் பிள்ளை. உண்மையா வயசுபோன ஆக்களுக்கு மட்டும்தானோ எண்டு. ஒருக்காக் கேள்."

கடைக்காரி சிரித்தபடி என்னைப் பார்த்தார். கையில் பேனை தயாராக இருந்தது. சுவர் மணிக்கூட்டில் ஒரு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. பிறகு நான் நல்ல தெளிவான ஜெர்மனில், ஹோட்டலில் அந்தத் தண்ணீர்ச் சறுக்கு உண்மையாகவே இருக்கிறதா என்று கேட்டேன்.

"யா, நத்தூர்லிஷ்" என்று அவர் தலையை ஆட்டினார். கட்டாயம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இரண்டு சொல்லும் அம்மாவுக்கும் தெரியும்.

தன் கேள்விக்குத்தான் அந்தப் பதில் என்று அம்மா விரலை எடுத்துக்கொண்டார். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டு எட்டுத் தூரம், காது நல்ல காது, ஜெர்மனும் விளங்கும். நான் கேட்ட கேள்வி அவருக்கு முழுதாகக் கேட்டிருக்கும். இப்போது போட்டுடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மறுபடி விமானப் படத்தின் பக்கம் திரும்பிவிட்டார். ஹோட்டலுக்குக் கையெழுத்து வைத்தோம்.

வீடில்லை என்றானதும் மாமா கரையோரமாக வேறொரு ஹோட்டலில் அறை எடுத்தார். எங்கள் ஹோட்டலில் ஒவ்வொருவர் கையிலும் பிளாஸ்ரிக் பட்டி கட்டிவிட்டார்கள். பட்டி இல்லாதவரைக் காவல்காரன் உள்ளே விடமாட்டான். அதனால் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஹோட்டல் வாசலில் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் வெறும் மணலில் உட்கார்ந்துதான் கதைத்தார்கள். அம்மா முதல் நாள் அழுதார், அடுத்த நாளிலிருந்து சிரித்துக் கதைத்தார். அப்பா இரண்டு தரம் போய், கனடாவில் குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வந்தார். நான் சறுக்கில் இருந்தேன். சறுக்கு நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கலியாணத்துக்குப் பிறகு அம்மாவும் மாமாவும் நேரில் கண்டது அந்த ஒரு கிழமை, ஏழு நாள்தான். நாலு வருடம் கழித்து மாமா மாரடைப்பில் போய்விட்டார்.

கடைசி நாள் பின்னேரம் அம்மா ஹோட்டல் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு சாப்பாட்டுக் கோப்பை நிறையச் சோறும் மீனும் போட்டு, மேலே கடதாசியால் மூடி, காவல்காரனுக்குத் தெரியாமல் சால்வைக்குள் வைத்துக் கொண்டு போனார். நானும் பின்னால் ஓடினேன். மாமாவுக்கு முன்னால் மணலில் கோப்பையை வைத்து, "ஒரு வாய் எண்டாலும் சாப்பிடுங்கோ அண்ணை" என்றார்.

மாமா கோப்பையைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாகத் தள்ளி வைத்தார். "உன்ரை கையாலை சமைச்சதெண்டால் சாப்பிட்டிருப்பன் பிள்ளை. இது ஹோட்டல்காரன்ரை" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆகவே எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா கண்டதையும் சாப்பிடாத, கொஞ்சம் எடுப்பான ஆள் என்று மட்டும் நினைத்தேன். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்ததில் எனக்கு நல்ல பசி. அப்படியென்றால் நான் சாப்பிடட்டா என்று கேட்டேன்.

நான் கோப்பையை எடுத்து மடியில் வைத்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தேன். அம்மா முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்ற சந்தோஷத்தில் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.