பத்தியில் இல்லாத பதில்

சுப்பராயன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்று பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்னவர் அவருடைய சித்தப்பா. சுப்பராயன் அதை மறுக்கவில்லை, அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பு பாதியிலேயே படிப்பை விட்டவர் அவர். கோலார் தங்கவயலில் அப்பா சுரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். பிள்ளை பெங்களூருக்கு ரயில் ஏறி, கிடைத்த வேலையைச் செய்தார். பெண் கனகவல்லியும் தங்கவயல்தான். "எங்க பொண்ணும் எஸ்.எஸ்.எல்.சி.தான்" என்று அந்தப் பக்கத்திலும் சொன்னார்கள். படித்த இடம் என்று இரு வீட்டாருக்கும் திருப்தி. 1985இல் கல்யாணம் நடந்தது.

அந்த ஒரு பொய்யை சுப்பராயன் பதினேழு வருஷம் சிரமமில்லாமல் காப்பாற்றினார். ஆஸ்டின் டவுனில் வீடு, வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் மெயின் கேட்டில் செக்யூரிட்டி வேலை. மகள் ரக்ஷிதா பரீட்சைப் பேப்பரைக் கொண்டுவந்தால், "எங்க காலத்துல ஹிஸ்டரில நான் எழுபத்தெட்டு" என்பார். கனகவல்லி அங்கன்வாடியில் உதவியாளர். குழந்தைகளுக்குச் சோறு ஊட்டி, மூக்கு துடைத்து, பாயில் படுக்க வைத்துவிட்டு வருபவள். எழுபத்தெட்டு என்று கணவர் சொல்லும்போதெல்லாம் அவள் அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள். மரியாதையினால் என்று சுப்பராயன் நினைத்துக்கொண்டார்.

2002இல் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. கூடவே ஆடிட்டும் வந்தது. கேட்டில் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், பத்தாவது பாஸ் கட்டாயம் என்றார் செக்யூரிட்டி ஏஜென்சியின் ஃபீல்டு ஆபீசர் நாகேஷ்.

"சீனியாரிட்டில நீங்கதான் ஃபர்ஸ்ட், சுப்பராயன். சர்டிபிகேட் ஜெராக்ஸ் குடுங்க சாகு, அது போதும்."

"அதுவா சார்... அத கரையான் தின்னுடுச்சு."

"டூப்ளிகேட் வாங்கிக்கோங்க. போர்டு ஆபீஸ் வரைக்குமா கரையான் போயிருக்கும்?"

சுப்பராயனுக்கு வேறு வழி தெரியவில்லை. பத்தாம் வகுப்புக்குச் சமமான திறந்தநிலைப் பள்ளித் தேர்வு ஒன்று இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டார். விண்ணப்பம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. மகளைத் தனியே கூப்பிட்டு, ஒரு பிளேட் கோபி மஞ்சூரியன் வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னார்.

"உங்கம்மாவுக்குத் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணு."

ரக்ஷிதா எதையோ கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். "சத்தியமா சொல்ல மாட்டேம்ப்பா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டபுள் டூட்டி என்று வீட்டில் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். பஸ்ஸில் கணக்குப் போட்டார். கேட்டில் ஆள் வராத நேரத்தில் ஒளிச்சேர்க்கை படித்தார். ஒரே வருஷத்தில் தமிழ், இங்கிலீஷ், கணக்கு, அறிவியல் நான்கும் பாஸ். சமூக அறிவியல் மட்டும் ஃபெயில். ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதினார். மறுபடியும் ஃபெயில்.

வருஷங்கள் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வரைபடத்தில் காவிரியைச் சரியான இடத்தில் ஓடவிடுவார். அவரைக் கவிழ்த்தது ஒரே ஒரு பகுதிதான்: "கீழ்க்காணும் பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடை எழுதுக." அதற்கு இருபது மதிப்பெண்.

வகுப்பு எடுத்தவர் வைத்தீஸ்வரன் என்ற ரிட்டயர்டு ஆசிரியர். ஒரு மாதிரித் தேர்வு வைத்து, சுப்பராயனின் விடைத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"பத்தியில என்ன போட்டிருக்கு? முற்றுகை மூணு மாசம் நீடிச்சது, கோட்டைக்குள்ள தானியம் தீர்ந்துபோச்சு, அதனால கோட்டை விழுந்துதுன்னு. கேள்வி என்ன? கோட்டை ஏன் விழுந்தது? நீங்க எழுதியிருக்கிறதைப் படிக்கட்டுமா?"

"படிங்க சார்."

"'வாசலில் இருந்த காவலன் தூங்கியிருப்பான். ஒரே ஆளை இரண்டு ஷிஃப்ட் பார்க்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும். ராஜா ரிலீவர் போட்டிருக்க வேண்டும்.'"

வகுப்பு சிரித்தது. சுப்பராயன் சிரிக்கவில்லை.

"சரியாத்தான சார் இருக்குது? மூணு மாசம் ஒருத்தன் வெளியில குந்திக்கினு இருக்கான்னா, தானியம் மட்டும் தீர்ந்துச்சுன்னா வுட்ருவாங்க? கேட்டுல ஏதோ தப்பு நடந்துருக்கு சார். என் சர்வீசுல சொல்றேன்."

"நடந்திருக்கலாம். ஆனா பத்தியில இல்ல."

"பத்தியில இல்லன்னா நடக்கலயா சார்?"

வைத்தீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்பது வருஷ ஆசிரியர் வேலையில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை போலும். "பாஸ் ஆகணும்னா நடக்கல" என்றார் கடைசியில்.

இந்தப் பதில் சுப்பராயனுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மாதிரித் தேர்வில் வாஸ்கோட காமா வந்தார். அவர் கள்ளிக்கோட்டைக்கு வந்த நோக்கம் என்ன என்ற கேள்விக்கு, "மிளகு வாங்க என்று சொல்லிக்கொண்டு வந்தார், அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்" என்று எழுதினார். அதற்கும் பூஜ்யம்.

தெளிவு பிறந்தது வகுப்பில் அல்ல, கேட்டில். ஒரு திங்கட்கிழமை அட்மின் மேடம் வீணா ஓர் எஞ்சினியரையும் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டதாக எஞ்சினியர் சாதித்தார். ரெஜிஸ்டரில் பதினொன்று இருபது என்றிருந்தது.

"சுப்பராயன், நீங்கதானே டூட்டில இருந்தீங்க? இவர் ஒன்பது மணிக்கு வந்தாரா?"

"மேடம், ரெஜிஸ்டர்ல பதினொன்னு இருபது."

"நான் வந்தேன்! நீங்க குட் மார்னிங் கூடச் சொன்னீங்க!" என்றார் எஞ்சினியர்.

"சொல்லிருப்பேன் சார். எல்லாருக்கும்தான் சொல்றேன். ரெஜிஸ்டர்ல இல்லன்னா நீங்க வரல. என் கண்ணு பாத்தது, என் மனசுல தோணுறது, அதெல்லாம் கெடையாது. ரெஜிஸ்டர்ல என்னா இருக்குதோ..."

அங்கே அவர் பேச்சு நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடியே நின்றார்.

"என்ன ஆச்சு?" என்றார் வீணா.

"ஒன்னும் இல்ல மேடம். ஒரு பாடம் புரிஞ்சுது."

அன்றிலிருந்து பத்தி என்பது அவருக்கு விசிட்டர்ஸ் ரெஜிஸ்டர் ஆயிற்று. வந்தவர் யார், எந்த வருஷம், யாரைப் பார்க்க, எதற்காக, போகும்போது எதைக் கொண்டுபோனார். ஒரு பத்தியைப் பார்த்தால் இந்த ஐந்தையும் முதலில் பென்சிலால் கோடு போட்டுவிடுவார். கிழக்கிந்தியக் கம்பெனி கேட் பாஸ் இல்லாமல் எத்தனையோ சாமானை வெளியே கொண்டுபோயிருப்பது தெரிந்தும், பத்தி சொல்லாவிட்டால் அவரும் வாய் திறக்கவில்லை. மாதிரித் தேர்வில் இருபதுக்குப் பதினாறு வாங்கினார். வைத்தீஸ்வரன் விடைத்தாளை இரண்டு தடவை புரட்டிப் பார்த்து, பெயர் அவருடையதுதானா என்று உறுதி செய்துகொண்டார்.

மூன்றாம் முறைப் பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. டபுள் டூட்டி என்று சொல்லிவிட்டு சுப்பராயன் யூனிஃபார்மிலேயே கிளம்பினார். கனகவல்லியும் அன்றைக்கு அங்கன்வாடி ட்ரெய்னிங் இருக்கிறது என்று சொல்லியிருந்தாள்.

தமிழ் மீடியத்தில் எழுதுகிறவர்களுக்கு அந்த வட்டாரத்தில் ஒரே மையம்தான், ஒரே அறைதான். கடைசி பெஞ்சில் தன் நம்பரைத் தேடி உட்கார்ந்து, பேனாவை உதறிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவருக்கு, மூன்று பெஞ்சு முன்னால் ஒரு பச்சைப் புடவை தெரிந்தது. போன தீபாவளிக்கு அவரே எடுத்துக் கொடுத்த புடவை. கொண்டையில் குத்தியிருந்த நீலக் கிளிப்பும் தெரிந்ததுதான். அந்த அம்மாள் பின்னால் இருந்தவரிடம் ஸ்கேல் கேட்கத் திரும்பினாள்.

கனகவல்லி.

சுப்பராயன் எழுந்து நின்றுவிட்டார். கனகவல்லி ஸ்கேலுக்கு நீட்டிய கையை மடக்க மறந்து அப்படியே வைத்திருந்தாள்.

கண்காணிப்பாளர் அம்மாள் விறுவிறுவென்று வந்தார். "யாக்ரீ எத்திதீரா? ஏன் எந்திரிச்சீங்க? அவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

சொந்தக்காரர்கள் ஒரே அறையில் இருக்கலாமா கூடாதா என்பது சுப்பராயனுக்குத் தெரியாது. வெளியே அனுப்பிவிட்டால் மூன்றாம் தடவையும் போய்விடும்.

"கொத்தில்லா மேடம், தெரியாது. யாரோ."

கண்காணிப்பாளர் கனகவல்லியின் பக்கம் திரும்பினார். "நிமகே? உங்களுக்கு?"

"நான் இவர பாத்ததே இல்ல மேடம்" என்றாள் கனகவல்லி, தெளிவாக.

கேள்வித்தாள் வந்தது. சுப்பராயன் நேரே பத்திக்குப் போனார். காவிரியில் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து 1902இல் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது பற்றிய பத்தி. கடைசி வரி: "இவ்வாறு அப்பகுதி மக்களின் வாழ்வு ஒளிபெற்றது." நான்காவது கேள்வி: "மின்சாரத்தினால் அப்பகுதி மக்கள் அடைந்த பயன் யாது?"

அவருக்குக் காது சூடாயிற்று. அவர் பிறந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் சிம்னி விளக்குதான். அதன் புகை படிந்த சுவரில்தான் அவர் 'அ' எழுதிப் பழகினார். மின்சாரம் சுரங்கத்துக்குள் போயிற்று, துரைகளின் பங்களாவுக்குப் போயிற்று. அவர் வீட்டுக்கு அது வந்தபோது அவருக்கு மீசை முளைத்திருந்தது. இதை எல்லாம் எழுத நாலு பக்கம் வேண்டும். பேனா தாளைத் தொட்டுவிட்டது. 'ஒளியாவது' என்று எழுதக் கையும் தயாராகிவிட்டது.

ரெஜிஸ்டர், ரெஜிஸ்டர் என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். பிறகு எழுதினார்: "அப்பகுதி மக்களின் வாழ்வு ஒளிபெற்றது என்று பத்தியில் உள்ளது." 'என்று பத்தியில் உள்ளது' என்ற மூன்று சொல்லில்தான் அவருடைய மானம் இருந்தது. ஒரு மதிப்பெண் போனாலும் போகட்டும் என்று அதை அடிக்காமல் விட்டார்.

மூன்று பெஞ்சு முன்னால் பச்சைப் புடவை கையைத் தூக்கியது. "மேடம், அடிஷனல் ஷீட்."

அவளும் தங்கவயல்காரி என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழுதாதே, வல்லி, பத்தியில் இருப்பதை மட்டும் எழுது என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த அம்மாளை அவருக்குத் தெரியாது என்று எழுத்தில் இல்லாவிட்டாலும் வாய்மொழியாகச் சொல்லியாயிற்று. கனகவல்லி இன்னொரு ஷீட்டும் வாங்கினாள்.

மணி அடித்தது. பள்ளிக்கூட வாசலில், கூட்டம் கலையும் வரை இருவரும் பத்தடி தள்ளியே நின்றார்கள். கனகவல்லிதான் முதலில் பேசினாள்.

"யாரோன்னு சொன்னியே?"

"நீ மட்டும்? பாத்ததே இல்லன்ன!"

"எழுபத்தெட்டுன்ன?"

சுப்பராயன் தொப்பியைக் கழற்றினார். "உங்க அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி.ன்னு சொன்னாரே?"

"எட்டாவது. டீச்சரம்மா ரிட்டயர் ஆவுறாங்க. பத்தாவது பாஸ் பண்ணா அங்கன்வாடிய நானே பாத்துக்கலாம்னாங்க." குரல் இறங்கியது. "பத்தொம்பது வருசமா நீ படிச்சவன்னு பயந்துக்கினு இருந்தேன்யா. பேப்பர் படிக்கிறப்பகூட உன் எதிர்ல ஒரு எழுத்து தப்பாப் படிச்சிடுவனோன்னு இருக்கும்."

"நானும்தான்" என்றார் சுப்பராயன். "நீ இங்கிலீஷ்ல ஏதாவது கேட்டுருவியோன்னு."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாட்ச்மேன் இருவரையும் சந்தேகமாகப் பார்த்தார்.

வீட்டுக்குள் இருவரும் சேர்ந்து நுழைந்ததைக் கண்டதும் ரக்ஷிதா புத்தகத்தை மூடினாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் அப்பா.

"ரெண்டு ஃபார்மும் நான்தானே ஃபில் பண்ணேன்?"

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் அம்மா.

"ரெண்டு பேரும் சத்தியம் வாங்கினீங்க. நான் என்ன பண்றது? உங்க நடுவுல சாப்பாட்டுக்கு உக்காரவே எனக்குப் பயம்மா இருந்துச்சு. ஒரு நாள் அப்பா பைல ஹிஸ்டரி கைடு, அம்மா அரிசி டப்பால ஜியாகிரஃபி. சிரிப்பு வந்தா வெளியில போயிடுவேன்."

ரிசல்ட் வந்தபோது சுப்பராயனுக்கு நாற்பத்து நான்கு மார்க். பாஸ். கனகவல்லிக்கு அறுபத்தொன்று. சுப்பராயன் மதிப்பெண் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடிஷனல் ஷீட்ல அப்படி என்னாதான் எழுதின? லைன் வீட்டுக் கதையா?"

"ஆமா. மொதல்ல அவங்க கேட்டத, பத்தியில இருக்கற மாதிரியே எழுதிட்டேன். அப்புறம் கீழ ஒரு கோடு போட்டு, 'ஆனால் நான் பார்த்தது'ன்னு ஆரம்பிச்சு என்னுத எழுதினேன். மார்க்கு போட்டா போடட்டும், போடாட்டி போவட்டும்னு."

கோடு போடலாம் என்று சுப்பராயனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சாயங்காலம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார். மறு ஞாயிறு இனிப்புடன் வைத்தீஸ்வரனைப் பார்க்கப் போய் இதைச் சொன்னபோது, "அப்படியா எழுதினாங்க?" என்று அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்து காலியான சூப்பர்வைசர் இடம் அவருக்குக் கிடைத்தது. நாற்காலியும் தனி மேஜையும் கொடுத்தார்கள். பத்து நாள் உட்கார்ந்து பார்த்தார், கால் மரத்துப்போனது. பிறகு பழையபடி கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். கனகவல்லிக்கு இன்னும் நான்கு பாடம் பாக்கியிருந்தது. அவள் கூடத்தில் ரக்ஷிதாவோடு உட்கார்ந்து கணக்குப் போட, ஞாயிற்றுக்கிழமைச் சமையலை சுப்பராயன் எடுத்துக்கொண்டார். முதல் வாரம் ரசத்தில் புளி அதிகம், இரண்டாம் வாரம் உப்பு இல்லை. பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் என்ன வைத்தாலும் சாப்பிட்டுவிடுகிறார்கள்.